குரூப்புக்கு மதில் இருக்கா?

நம்ம சீனியர் ஒருத்தர், மன்னார்குடிக்காரர், சென்னையில வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிறு ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸ்ல திரும்பிப் போகும்போது, லீவு தராத டீம் லீடைப் பத்தி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வெச்சார். பேர் போடல, ஆனா யாருன்னு டீமுக்கே தெரியும். திங்கட்கிழமை மதியம் விளக்கம் கேட்டு ஹெச்.ஆர். மெயில். யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருக்காங்க.

போன்ல அவர் எங்கிட்ட முதல்ல சொன்னது: "ஹைகோர்ட்டே புலம்பலாம்னு சொல்லிருக்குடா, இவங்க என்ன பண்ண முடியும்?"

அந்த ஃபார்வர்டு உங்க ஹாஸ்டல் குரூப்புக்கும் வந்திருக்கும். நான் போய் அந்த வழக்கு என்னன்னு படிச்சுப் பார்த்தேன். ஃபார்வர்டுல இருக்கிறது பாதிதான்.

நடந்தது இது. தமிழ்நாடு கிராம வங்கி ஊழியர் ஒருத்தர், தொழிற்சங்கத்துல தீவிரமா இருந்தவர். நிர்வாகத்தின் முடிவுகளைக் கிண்டலடித்து ஒரு தனிப்பட்ட வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் போட்டார். வங்கி அவருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்தது. அவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2023-ல் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அந்தக் குறிப்பாணையை ரத்து செய்தார். ஊழியருக்கு நிர்வாகத்து மேல மனக்குறை இருப்பது இயல்பு, அதைக் கொட்டித் தீர்க்க அவருக்கு உரிமை உண்டு, அது நிறுவனத்துக்கும் நல்லதுதான் என்பது தீர்ப்பின் சாரம். நண்பர்கள் வீட்டுக்குள்ள உட்கார்ந்து பேசினா அதை வெச்சு நடவடிக்கை எடுக்க முடியாது. குறிப்பிட்ட சிலர் மட்டும் இருக்கிற, என்கிரிப்ட் செய்யப்பட்ட குரூப்புக்கும் அதே நியாயம்தான். நாளைக்கு பெகாசஸ் மாதிரி டெக்னாலஜி நிர்வாகங்கள் கையில் கிடைத்தாலும், அதில் உளவு பார்த்துக் கிடைத்ததை வெச்சுக் குற்றம் சாட்டக்கூடாதுன்னும் சொல்லியிருக்கார்.

இது வரைக்கும் கேட்டா சந்தோஷமா இருக்கும். ஆனா நிறுவனத்தின் பேர் கெடும் நிலை வந்தா நிர்வாகம் தலையிடலாம், அதுவரைக்கும் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொல்லுது. இந்தப் பகுதி எந்த ஃபார்வர்டுலயும் வரல.

இன்னொரு விஷயம், நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாதது. கிராம வங்கி மத்திய அரசு, மாநில அரசு, ஸ்பான்சர் வங்கி மூணும் பங்கு வெச்சிருக்கிற அமைப்பு. அதனால அந்த ஊழியர் நேரா ஹைகோர்ட்ல ரிட் போட முடிஞ்சது. நீங்க சேரப்போற தனியார் கம்பெனி மேல பொதுவா அப்படிப் போட முடியாது. அங்க பேசுறது நீங்க கையெழுத்துப் போட்ட ஆஃபர் லெட்டரும், அதோட சேர்த்துத் தர்ற சோஷியல் மீடியா பாலிசியும்தான்.

அப்போ தனியார்ல பாதுகாப்பே இல்லையான்னா, இருக்கு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. பேர் பழசா இருந்தாலும் ஐ.டி. ஆபீஸும் இதில் வரும். இதன் 41-வது பிரிவுப்படி, தொடர்ந்து ஆறு மாசம் வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாம நீக்க முடியாது. ஒரு மாச நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தரணும். ஒழுங்கீனம்னு சொல்லி நோட்டீஸ் இல்லாம அனுப்பணும்னா, முறையா விசாரணை நடத்தி அதில் ஆதாரம் பதிவாகணும். நீக்கினதை எதிர்த்து மேல்முறையீடும் உண்டு. நம்ம சீனியர் சேர்ந்து நாலு மாசம்தான்னு சொன்னேனே, அதைக் கவனிச்சீங்களா?

அடுத்தது, எங்க பேசினோம் என்பது. மன்னார்குடி மதிலழகுன்னு ஊர்ல சொல்வாங்க. அந்தத் தீர்ப்பு காப்பாத்தினது மதிலுக்குள்ள நடந்த பேச்சை. ஸ்டேட்டஸ் என்பது உங்க காண்டாக்ட்ல இருக்கிற முந்நூறு பேருக்கும் காட்டுறது. பந்தலடியில நின்னு சத்தம் போடுறதுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. லிங்க்ட்இன்ல மதிலே கிடையாது. ஆபீஸ் மெயில், டீம்ஸ், ஸ்லாக் எல்லாம் கம்பெனி வீடு. நீங்க அழிச்சாலும் அட்மின் பக்கம் காப்பி இருக்கலாம்.

'நான் எழுதல, ஃபார்வர்டுதான் பண்ணேன்' என்பதும் எடுபடாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவா பேசின ஒரு பதிவை 2018-ல் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார் நடிகர் எஸ்.வி.சேகர். படிக்காமப் பகிர்ந்துட்டேன்னார், நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் 2023-ல் வழக்கை ரத்து செய்ய ஹைகோர்ட் மறுத்தது, சுப்ரீம் கோர்ட்டும் கைவிரிச்சது. அது வேலை சம்பந்தப்பட்ட வழக்கு இல்ல, ஆனா டீம் குரூப்பில் பெண்களைப் பத்தி 'ஜோக்' ஃபார்வர்டு பண்ற மகான்களுக்கு இது போதும். அவங்களுக்குப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 தனியா காத்திருக்கு.

ஸ்கிரீன்ஷாட்டை எடிட் பண்ணலாமே, அது எப்படி ஆதாரம் ஆகும்னு கேக்கலாம். கோர்ட்டுன்னா டிஜிட்டல் ஆதாரத்தோட சான்றிதழ் வேணும். பழைய சட்டத்தில் 65பி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-வது பிரிவு. கம்பெனியின் உள்விசாரணையில் அந்தக் கறார் கிடையாது.

அதனால விளக்கம் கேட்டு மெயில் வந்தா, பாலிசியில எந்த விதியை மீறினேன்னு எழுத்துல கேளுங்க. போன்ல பேசி முடிச்சுக்காதீங்க, எழுத்துலயே பதில் கொடுங்க. அன்னிக்கு ராத்திரியே கோபத்துல ராஜினாமா அனுப்பாதீங்க. முக்கியமா, போட்டதை அழிக்கும் முன்னாடி முழுசா ஒரு காப்பி எடுத்து வையுங்க. அவங்ககிட்ட பாதி ஸ்கிரீன்ஷாட்தான் இருந்தா, மீதியைக் காட்ட அது வேணும்.

சீனியர் மெயிலைப் பார்த்த அடுத்த நிமிஷமே ஸ்டேட்டஸை அழிச்சுட்டார். எச்சரிக்கைக் கடிதமும், மூணு மாசம் கூடுதல் புரபேஷனும். இப்ப அந்த டீம் லீட்கிட்டயேதான் லீவு கேட்டுக்கிட்டிருக்கார்.