தலைமுடி மருந்தும் தாம்பத்திய வாழ்வும்

தம்பதியர்களே!

தலைமுடி கொட்டுவது உயிருக்கு ஆபத்தான நோய் அல்ல. ஆனால் அதற்காக உட்கொள்ளும் மாத்திரை, மற்ற மாத்திரைகளைப் போல முழு மருந்துதான். நன்மையும் உண்டு, பக்க விளைவும் உண்டு. அந்தப் பக்க விளைவு கணவனோடு நிற்காமல் மனைவியையும், வயிற்றில் வளரும் சிசுவையும், கைக்குழந்தையையும் தொடக்கூடும். ஆகவே இதை இருவரும் சேர்ந்து படிக்க வேண்டுகிறோம்.

உப்புத் தண்ணீர்தான் காரணமா?

பெரியபட்டினம், கீழக்கரை, திருப்புல்லாணிப் பக்கம் யாரைக் கேட்டாலும், "உப்புத் தண்ணியில குளிச்சே முடி போச்சு" என்பார்கள். உப்பு நீர் முடியை முரடாக்கும், சிக்காக்கும், நுனி ஒடியச் செய்யும். ஆனால் ஆண்களுக்கு நெற்றி மேலேறி, உச்சியில் வழுக்கை விழுவது தண்ணீரால் அல்ல. அது பரம்பரையும் ஆண்மைச் சுரப்பு நீரும் சேர்ந்து செய்யும் வேலை. வழுக்கை விழுந்தவருக்கு ஆண்மை குறைவு என்பதும் தவறு.

மாத்திரை எப்படி வேலை செய்கிறது?

வழுக்கைக்குக் கொடுக்கப்படும் மாத்திரையின் பெயர் ஃபினாஸ்டெரைடு. ஆணின் உடலில் ஊறும் ஆண்மைச் சுரப்பு நீரில் ஒரு பகுதி, இன்னும் வீரியமான வேறொரு நீராக மாறுகிறது. வழுக்கைச் சுபாவம் உள்ளவர்களின் முடிவேர்களைச் சுருங்கச் செய்வது இதுதான். மாத்திரை இந்த மாற்றத்தைத் தடுக்கிறது.

டொமினிக்கன் குடியரசு என்னும் தீவு நாட்டில், பிறவியிலேயே இந்த மாற்றம் நடைபெறாத சில குடும்பங்களைப் பற்றி 1974-ல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். அந்த ஆண்கள் வளர்ந்த பிறகு அவர்களுக்கு வழுக்கை விழவில்லை. ஆனால் பிறக்கும்போது அவர்களுடைய பிறப்புறுப்பு சரியாக வளராமல், பெண் குழந்தை போல் தோன்றியது. இந்த மாத்திரையின் நன்மை, ஆபத்து இரண்டையும் அந்தக் குடும்பங்களே நமக்குக் காட்டின.

இம்மாத்திரை அமெரிக்காவில் 1992-ல் முதியவர்களின் புராஸ்டேட் வீக்கத்துக்காக 5 மில்லிகிராம் அளவிலும், 1997-ல் வழுக்கைக்காக 1 மில்லிகிராம் அளவிலும் அனுமதிக்கப்பட்டது. வீட்டுப் பெரியவர் சிறுநீர்த் தொல்லைக்குச் சாப்பிடுவதும் இதே மருந்தாக இருக்கலாம். "வாப்பா மாத்திரை சும்மாதானே கிடக்கு" என்று மகன் எடுத்துப் போடக்கூடாது.

கணவனுக்கு வரக்கூடிய தொல்லைகள்

1. இச்சை குறைதல், விறைப்புக் குறைவு, விந்தின் அளவு குறைதல். ஆய்வுகளில் 100 பேரில் சுமார் 4 பேருக்கு இவற்றில் ஏதாவது ஒன்று வந்தது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 100-க்கு 2 பேர் இதே குறையைச் சொன்னார்கள். அதாவது, பயமும் ஒரு பங்கு வேலை செய்கிறது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். சிலருக்கு நிறுத்திய பிறகும் நீடித்ததாகத் தகவல்கள் உண்டு.

2. மார்பில் வீக்கம், வலி, கட்டி, காம்பில் கசிவு. இவை கண்டால் உடனே டாக்டரிடம் காட்டவும்.

3. மனச்சோர்வு, தூக்கமின்மை, "வாழ்ந்து என்ன" என்ற எண்ணம். தற்கொலை எண்ணம் இம்மருந்தின் பக்க விளைவே என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-ல் உறுதி செய்துள்ளது. எனவே இதை "சும்மா மனசு சரியில்லை" என்று தள்ளக்கூடாது. மாத்திரையை அன்றே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். கணவனின் முகவாட்டத்தை முதலில் கவனிப்பவள் மனைவி. அவர் மாத்திரை சாப்பிடுவது அவளுக்குத் தெரிந்திருந்தால்தான் காரணம் புரியும்.

குழந்தை எதிர்பார்த்திருக்கும் தம்பதியர்

சிலர் திருமணம் நிச்சயமானதும் இரகசியமாக இம்மாத்திரையைத் தொடங்குகிறார்கள். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் அங்கேயே வாங்கிச் சாப்பிட்டு, லீவில் வந்தபின்னும் தொடர்கிறார். சில மாதம் கழித்து, "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று ஊர் கேட்கும். கேள்வியும் பழியும் மனைவிமேல் விழும். அவளுக்கோ பரிசோதனைமேல் பரிசோதனை!

இந்த மாத்திரையால் சில ஆண்களுக்கு விந்தின் தரம் குறைந்து, நிறுத்தியபின் சீரடைந்ததாக மருத்துவத்தில் பதிவாகியுள்ளது. ஆகவே கருத்தரிப்பு தாமதமானால் கணவனும் விந்துப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மாத்திரை சாப்பிடுவதை டாக்டரிடம் மறைக்கக்கூடாது. உயிரணு உற்பத்தியாகி முதிர இரண்டரை மாதம் பிடிக்கும். அதனால் மருந்தை நிறுத்தி சுமார் 3 மாதம் கழித்து மறுபரிசோதனை செய்வது வழக்கம்.

மனைவி கர்ப்பமாக இருந்தால்

- உடைந்த, பொடியான மாத்திரையைக் கர்ப்பிணியோ, கர்ப்பம் தரிக்கக்கூடியவரோ தொடக்கூடாது. ஆண் சிசுவின் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். மேல்பூச்சு உள்ள முழு மாத்திரையைத் தற்செயலாகத் தொட்டுவிட்டால் பயம் வேண்டாம்.
- பணம் மிச்சம் என்று 5 மில்லிகிராம் மாத்திரையை நாலாக நறுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. சமையல் கத்தியால் நறுக்கவே கூடாது. மனைவியை நறுக்கச் சொல்வதும் தவறு.
- கணவனின் விந்தில் சேரும் மருந்து மிகச் சொற்பம். அதனால் கருவுக்குக் கெடுதல் வரும் என்று கருதப்படவில்லை. மனச்சமாதானத்துக்கு நிரோத் உறை உபயோகிக்கலாம்.
- பிள்ளைப்பேறு வயதுப் பெண்கள் தங்கள் முடிக்காகக் கணவனின் மாத்திரையை ஒரு நாளும் சாப்பிடக்கூடாது.
- மாத்திரை சாப்பிடும்போதும், நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் இரத்த தானம் செய்யாதீர்கள். அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்கும் ஏற்றப்படலாம்.

தலையில் தடவும் மருந்து

தடவும் மருந்தின் பெயர் மினாக்ஸிடில். அமெரிக்காவில் 1979-ல் இரத்தக் கொதிப்பு மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்வதைக் கண்டு, 1988-ல் வழுக்கைக்குத் தடவும் மருந்தாக அனுமதித்தார்கள்.

தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி அதிகமாகவே கொட்டும். பழைய முடி விழுந்து புது முடிக்கு வழிவிடுவதே காரணம். பதற வேண்டாம். பலன் தெரிய நாலு மாதமாவது ஆகும். அரிப்பு, செதில் வந்தால் டாக்டரிடம் சொல்லி நுரை வகைக்கு மாற்றலாம். நெஞ்சு படபடப்பு, தலைசுற்றல், கால் வீக்கம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போகவும்.

கடல் வெயிலில் தொழில் செய்து தலை கன்றியிருந்தாலும், புண் இருந்தாலும் தடவாதீர்கள். மருந்து அதிகமாக உடம்பில் ஏறிவிடும். இதில் சாராயச் சத்து இருப்பதால் அடுப்பு, பீடி அருகே ஆகாது. தடவியபின் கையை நன்றாகக் கழுவி, தலை காய்ந்த பிறகே படுக்கவும். கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துத் தூங்க வைக்கும் தகப்பன்மார் கவனிக்க: ஈரமான மருந்து பட்டுக் குழந்தையின் உடலில் முடி வளர்ந்ததுண்டு. வீட்டுப் பூனை நக்கினால் அதற்கு விஷம்.

சில பாட்டில்களில் மினாக்ஸிடிலும் ஃபினாஸ்டெரைடும் கலந்திருக்கும். மேலே எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். அப்படியானால் கணவன் தலையில் எண்ணெய் தேய்ப்பதுபோல் மனைவி அதைத் தேய்த்துவிடக்கூடாது.

தாய்மார்களுக்கு

பிரசவமாகி 2 முதல் 4 மாதத்தில் கொத்துக் கொத்தாக முடி கொட்டும். இது இயற்கை. பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் சரியாகிவிடும். மருந்து எதுவும் வேண்டியதில்லை. பால் கொடுக்கும்போது மினாக்ஸிடிலும் வேண்டாம். ஒரு வருடத்துக்குப் பிறகும் கொட்டினால் இரத்தசோகை, தைராய்டு இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். செவிலியர் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள். முருங்கைக் கீரை, மீன், முட்டை, பயறு வகைகளும் உதவும்.

தொல்லை வந்தால் என்ன செய்வது?

முதலில் மனைவியிடம் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால், "என்மேல ஆசை இல்லையோ" என்று அவள் மனம் நோகும். அடுத்து டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்துவதால் உடலுக்குக் கேடில்லை. திரும்ப வளர்ந்த முடி ஒரு வருடத்துக்குள் போய்விடும், அவ்வளவுதான். விறைப்புக் குறைவுக்கு நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, குடி, புகை ஆகியவையும் காரணமாகலாம். அவற்றையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தொல்லையைப் போக்க இன்னொரு மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

50 வயதுக்கு மேற்பட்டவர் புராஸ்டேட் இரத்தப் பரிசோதனைக்குப் போனால் இம்மாத்திரை பற்றிச் சொல்ல வேண்டும். இது பரிசோதனை அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும்.

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலும், இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஆலோசனை பெறலாம். மனம் மிகவும் சோர்ந்தால் 104 அல்லது 14416 எண்ணுக்கு எந்நேரமும் போன் செய்யுங்கள்.

நினைவில் வையுங்கள்

டாக்டர் சீட்டில்லாமல் மாத்திரை வாங்காதீர்.
மனைவிக்குத் தெரியாமல் சாப்பிடாதீர்.
கர்ப்பிணி கையில் கொடுக்காதீர்.
மனம் சோர்ந்தால் அன்றே நிறுத்துவீர்.

தலையில் முடி குறைந்தால் குடும்பம் குறைந்துவிடாது. ஒருவருக்கொருவர் ஒளிக்காமல் பேசிக்கொள்வதே குடும்ப நலம்.