மரம் செதுக்க வயரா, பேட்டரியா?

பூவரசம் பலகையில் கொடிக்கருக்கு ஒன்று செதுக்கிக்கொண்டிருந்தேன். இலைகளின் வரி வெட்டி முடித்து, இலைக்கும் இலைக்கும் நடுவே பள்ளம் எடுக்க ஆரம்பித்த நேரம். கையில், முனையில் பிட் சுழன்று மரத்தை அரிக்கும் சின்ன பேட்டரி மெஷின். நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது, பட்டென்று நின்றுவிட்டது. மணி பார்த்தால் இருபது நிமிடம்கூட ஆகவில்லை. எடுத்த பள்ளமோ இரண்டு விரல் அகலம்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆசாரி சொன்னார்: "கண்ணு மூக்கு திறக்க இது போதும் தம்பி. மரத்தைக் கழிக்கணும்னா வயர் மெஷின்தான் தாங்கும்."

அவர் அனுபவத்தில் சொன்னதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். இந்த வகைப் பேட்டரி மெஷின்களில் பரவலாக இருப்பது 12 வோல்ட், 2 ஆம்பியர்-மணி பேட்டரி. உள்ளே மூன்று லித்தியம் அயனி செல்கள் வரிசையாக இருக்கும். முழுதாக சார்ஜ் ஏறிய நொடியில்தான் 12 வோல்ட்டைத் தாண்டும். வேலை செய்யும்போது சராசரி 10.8 வோல்ட். அதை 2 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 21.6 வாட்-மணி. அழுத்திச் செதுக்கும்போது மோட்டார் 60 வாட் இழுத்தால் இந்தச் சேமிப்பு 21 நிமிடம்தான் வரும். நம் வீட்டு மீட்டரில் ஓடும் ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி. சார்ஜ் ஏற்றும்போது ஆகும் இழப்பை விட்டுவிட்டால், ஒரு யூனிட்டில் இந்தப் பேட்டரியை 46 முறை நிரப்பலாம். சுவரிலிருந்து வரும் வயர் எவ்வளவு பெரிய கிணறு என்பது இந்தக் கணக்கில் தெரியும்.

மரத்தைச் செதுக்க இவ்வளவு சக்தி ஏன் வேண்டும்? இதே பலகையில் ஆசாரி நகவுளியை வைத்துக் கொட்டாப்புளியால் நாலு தட்டுத் தட்டினால், மரம் சுருள் சுருளாக வருகிறது. மெஷின் அதே அளவு மரத்தை மாவாக்குகிறது. சுருளுக்கு நாரை ஒரு தடத்தில் பிளந்தால் போதும். மாவுக்கோ ஒவ்வொரு நாரையும் நூற்றுக்கணக்கான இடத்தில் அறுக்க வேண்டும். சில்லு எவ்வளவு மெல்லியதோ, ஒரு கன செண்டிமீட்டர் மரத்தை எடுக்க அவ்வளவு அதிக ஆற்றல் செலவாகும். மரம் கழிப்பதற்கு மெஷினை மட்டும் நம்புவது ஆற்றல் கணக்கில் வீண் செலவு. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இலும் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மரபை வளர்த்தது உளிதான். மெஷின் வாங்கினாலும் உளியைப் பரணில் போட்டுவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்பேன்.

உளி நுழையாத இடம் வரும்போது மெஷின் தன் அருமையைக் காட்டும். தும்பிக்கையின் உள்வளைவு, யாளியின் வாய்க்குள் உருளும் பந்து, நார் குறுக்கே ஓடி உளி பட்டாலே பெயர்ந்துவிடும் மூலை. அங்கேதான் நிமிடத்துக்கு 5,000 முதல் 35,000 வரை சுற்றும் இந்தச் சின்ன மோட்டார் தேவை. அமெரிக்காவின் ரேசின் நகரில் ஆல்பர்ட் டிரெமல் 1932இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயரே இதற்குப் பொதுப்பெயராகிவிட்டது. எந்த நிறுவனத்துச் சரக்கானாலும் பலர் 'டிரெமல்' என்றுதான் கேட்கிறார்கள்.

வயர் மெஷினுக்குள் இருப்பது யுனிவர்சல் மோட்டார். நம் வீட்டு மிக்ஸியில் இருக்கும் அதே இனம். மிக்ஸியின் காற்றுத் துளை வழியே இருட்டில் பார்த்தால் நீலப்பொறி தெரியுமே, கார்பன் பிரஷ் உரசும் அதே பொறி இதிலும் உண்டு. சுமை இல்லாதபோது வெறிபிடித்ததுபோல் சுற்றும். சுமை ஏறினால் வேகம் குறையும், ஆனால் சுவரிலிருந்து கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு போராடும். பலவீனம் எங்கே என்றால், மெதுவாக ஓட்டும்போது. அதைக் குளிர்விக்கும் விசிறி அதே தண்டில் இருப்பதால், தண்டு மெதுவாகச் சுற்றினால் காற்றும் குறையும். குறைந்த வேகத்தில் அழுத்திப் பிடித்தால் மோட்டார் கொதித்துவிடும். பேட்டரி மெஷினில் நிலைக்காந்த மோட்டார். அது குறைந்த வேகத்திலும் சமாளித்து ஓடும். உப்புத்தாள் தேய்ப்பதற்கும் பாலிஷ் போடுவதற்கும் பேட்டரி மெஷின் இதமாக இருப்பதன் காரணம் இதுதான்.

கடைக்காரர் வாட்டைச் சொல்வார், வேகத்தைச் சொல்வார். கையைப் பற்றிச் சொல்ல மாட்டார். செதுக்குபவருக்கு முக்கியம் அதுதான். பேட்டரியின் மூன்று செல்கள் மட்டுமே சுமார் 140 கிராம். அந்த எடை மெஷினின் பின்பக்கம் உட்காருகிறது. பேனாவைப்போல் பிடித்து நுண்வேலை செய்யும்போது முன்பக்கம் எழும்பப் பார்க்கும், மணிக்கட்டு அதைக் கீழே அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வயர் மெஷினில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் வயர் இழுக்கும். வயரைத் தோள்மேல் போட்டுக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

இன்னொன்று அதிர்வு. ஒரு கிராம் எடையுள்ள பிட்டின் மையம் 0.1 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு முடியின் கனம்தான். 30,000 சுற்றில் அது பேரிங்கை இழுக்கும் விசை கிட்டத்தட்ட 100 கிராம் எடைக்குச் சமம். அந்த இழுப்பு வினாடிக்கு 500 முறை திசை சுற்றி வரும். வேகத்தைப் பாதியாக்கினால் விசை கால் பங்காகிவிடும். பிட்டின் தண்டு 3 மில்லிமீட்டர், பிடிக்கும் காலட் 3.2 மில்லிமீட்டர் என்றிருந்தால், இறுக்கும்போது பிடித்ததுபோலத்தான் தோன்றும், மையம் மட்டும் விலகும். வருடக்கணக்கில் அதிர்வு வாங்கிய விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போகும் நோய் தொழிலாளர்களிடம் நன்கு அறியப்பட்டது. விரல் கூசினால் மெஷினைக் குறை சொல்வதற்கு முன் பிட்டையும் காலட்டையும் கழற்றிப் பாருங்கள்.

மரம் கருகுவதும் பலருக்குப் புதிர். 8 மில்லிமீட்டர் உருண்டை பிட் 25,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு வினாடிக்குப் பத்து மீட்டருக்கு மேல் போகிறது. 2 மில்லிமீட்டர் பிட்டோ அதே சுற்றில் 2.6 மீட்டர்தான். பெரிய பிட்டுக்கு வேகத்தைக் குறைக்க வேண்டும், சிறியதற்குக் கூட்ட வேண்டும். அதைவிட நுட்பமான ஒன்று, உருண்டையின் உச்சிமுனை. சுழலும் அச்சிலேயே அது இருப்பதால் அங்கே வேகம் பூஜ்யம். நேர்குத்தாக வைத்து அழுத்தினால் முனை வெட்டாது, தேய்க்கும், கருக்கும். மெஷினைச் சாய்த்துப் பிடித்துப் பக்கவாட்டால் வெட்டினால் கருகல் பெரும்பாலும் நின்றுவிடும். ஆசாரி என் கையைப் பிடித்துச் சாய்த்துவிட்டு, "அழுத்தாதே, அதுவா தின்னட்டும்" என்றார்.

பேட்டரிக்கு உரிய இடங்களும் இருக்கின்றன. செட்டிநாட்டு வீட்டின் பழைய வாசல் நிலையில் உடைந்த பூவிதழைச் செப்பனிட வேண்டும், நிலையைப் பெயர்த்து எடுக்க முடியாது, பக்கத்தில் பிளக் கிடையாது. அங்கே வயர் மெஷின் உதவாது. பெயர் பொறிப்பது, மெல்லிய வரி இழுப்பது, கடைசி மெருகு என்று பத்துப் பதினைந்து நிமிட வேலைகளுக்கும் பேட்டரிதான் சுகம். ஆனால் தகரக் கூரைக்கு அடியில் சித்திரை வெயிலில் வைத்து சார்ஜ் ஏற்றாதீர்கள். 45 டிகிரி வெப்பத்துக்கு மேல் லித்தியம் செல்லுக்கு சார்ஜ் ஏற்றினால் அதன் ஆயுள் குறையும்.

என் தீர்ப்பு இது. முதல் மெஷின் வயர் மெஷினாக இருக்கட்டும். அதனோடு வளையும் தண்டு ஒன்றும் வாங்குங்கள். நகைப் பட்டறைகளில் மோட்டாரை மேலே தொங்கவிட்டு, பேனா கனத்தில் கைப்பிடி பிடித்து வேலை செய்வார்களே, அதே ஏற்பாடு. சக்தி சுவரிலிருந்து, எடை கொக்கியில், கையில் வெறும் பிட். சுமார் 50 மணி நேர வேலைக்கு ஒருமுறை கார்பன் பிரஷ்ஷைத் திறந்து பார்த்தால் வருடக்கணக்கில் உழைக்கும். பேட்டரி மெஷினை இரண்டாவதாக, தேவை வந்த பிறகு வாங்கலாம்.

மெஷின் எதுவானாலும் அது சுருளை அல்ல, மாவைத்தான் தருகிறது. அந்த மாவு நுரையீரலுக்குள் போகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. தேக்கும் ஈட்டியும் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை கிளப்பக்கூடியவை. முகத்தில் அழுந்தப் பொருந்தும் என்-95 கவசமும் கண்ணாடியும் முதலில் வாங்குங்கள், பிறகு மெஷின் கடைக்குப் போங்கள்.