ஸ்டென்ட்டுக்குப் பின் வரும் நெஞ்சுவலி

சென்ற ஆண்டு எனக்கு இதயத் தமனியில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டது. வீடு திரும்பிய ஒன்பதாம் நாள் இரவு, இடப்பக்க மார்பில் ஊசி குத்துவதுபோல் ஒரு வலி. மனைவியை எழுப்பவில்லை. மீண்டும் மருத்துவமனை என்றால் எவ்வளவு செலவாகுமோ என்று கணக்குப் போட்டபடியே விடியும்வரை விழித்திருந்தேன். வங்கிக்காரனின் புத்தி!

காலையில் ஈ.சி.ஜி.யும் இரத்தப் பரிசோதனையும் செய்த மருத்துவர், அஞ்ச ஏதுமில்லை என்றார். இரவே வராததற்குக் கடிந்தும்கொண்டார். ஸ்டென்ட் விரியும்போது இரத்தக்குழாயின் சுவர் இழுபடுவதால் சிலருக்குச் சில நாள்கள் வலி இருக்கும். தசைப்பிடிப்பு, வயிற்று அமிலம், மனப்பதற்றம் ஆகியவையும் காரணமாகலாம். எது காரணம் என்பதை நோயாளியே முடிவு செய்தல்தான் ஆபத்து. நெஞ்சை அழுத்தும் வலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே 108ஐ அழைக்க வேண்டும். தாமே வண்டி ஓட்டிச் செல்லலாகாது. ஸ்டென்ட்டினுள் இரத்தம் உறையாமல் காப்பவை ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற மாத்திரைகள். பல் பிடுங்குவதற்காகக்கூட அவற்றை இதய மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது.

செலவைப் பற்றிய என் அச்சமும் பாலிசியை முழுதும் படிக்காததால் வந்ததே. பல மருத்துவக் காப்பீடுகள், வீடு திரும்பிய பின் அந்நோய் தொடர்பாக ஆகும் மருந்து, பரிசோதனைச் செலவுகளையும் ஏற்கின்றன. அக்காலவரம்பு 60 நாள், 90 நாள் எனப் பாலிசிக்குப் பாலிசி மாறும். மருத்துவரின் சீட்டும் அசல் ரசீதும் தேவை. அன்றைய ஈ.சி.ஜி. செலவு எனக்கு அவ்வாறே திரும்பக் கிடைத்தது.

டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்டென்ட் அட்டை, பாலிசி நகல் மூன்றும் இப்போது ஒரே உறையில், மனைவியின் கைக்கெட்டும் இடத்தில் உள்ளன.