மலைமேல் வானம், மாணவன் வாயில் பூட்டு!

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியே ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். சாமையும் தேனும் புளியும் தருகிற மலை. பழங்குடி மக்கள் பாடுபட்டுப் பிழைக்கிற மலை. அங்கேதான், சென்னையில் பிறந்த வானியல் அறிஞர் வைணு பாப்பு 1968இல் 38 செண்டிமீட்டர் தொலைநோக்கியோடு ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1986 ஜனவரி 6இல் 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட பெருந்தொலைநோக்கி திறக்கப்பட்டது. கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூர்ப் பட்டறையில், நம்மவர் கை! 1982இலேயே மறைந்துவிட்ட பாப்பு அதைக் காணவில்லை. அவர் பெயர் மட்டும் அதில் நிற்கிறது.

1977 மார்ச் 10. யுரேனஸ் கோள் தொலைவிலுள்ள ஒரு விண்மீனை மறைக்கப் போகும் இரவு. பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் காவலூரில் விழித்திருந்து நோக்கினர். கோள் நெருங்குமுன்பே விண்மீனின் ஒளி மங்கிற்று, மீண்டது. விமானத்தில் தொலைநோக்கியை ஏற்றிப் பறந்த அமெரிக்கரும் அப்படியே கண்டனர். யுரேனசைச் சுற்றி வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்தது!

புரியவில்லையா, தோழர்களே? இருட்டிலே புளியமர வரிசை. அதற்கு அப்பால் ஒருவன் விளக்கேந்தி நடக்கிறான். மரம் குறுக்கிடும்போதெல்லாம் விளக்கு மறைந்து மறைந்து தெரிகிறது. மரத்தை நாம் காணவில்லை. ஆனால் மரம் இருக்கிறதென்று விளக்கு சொல்லிவிட்டதல்லவா? அவ்வளவுதான் சங்கதி!

இப்படிச் சொல்ல நம் கல்லூரி மாணவனால் முடிகிறதா? தந்தை தோல் பதனிடும் தொழிலாளி. தாய் பீடி சுற்றுகிறாள். மகன் திருப்பத்தூரிலோ திருவண்ணாமலையிலோ இயற்பியல் படிக்கிறான். ஆங்கிலப் பாடத்தை நெட்டுருப் போட்டு, தேர்வுத்தாளில் கொட்டிவிட்டு வருகிறான். “என்னடா கண்ணு படிக்கிறே?” என்று தாய் கேட்டால் தலை குனிகிறான். நேர்காணலிலே நாலு பேர் எதிரே உட்கார்ந்தால் நா எழவில்லை. அறிவில்லாமலா? அல்ல, அல்ல! படித்ததைத் தன் வாயால் எடுத்துச் சொல்ல அவனுக்கு யாரும் பழக்கம் தரவில்லை.

பழக்கம் எப்படி வரும் என்பதை நம் இயக்கத்துக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தேநீர்க் கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் படிப்பகத்திலும் ஒருவர் ஏடு படிக்க, பத்துப்பேர் கேட்டார்கள். படித்தவர் விளக்கம் சொன்னார். கேட்டவர் குறுக்குக் கேள்வி போட்டார். அங்கிருந்து மேடைக்கு வந்தவர்கள் எத்தனை பேர்! எந்தப் பல்கலைக்கழகம் அவர்களுக்குப் பட்டயம் கொடுத்தது?

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சென்ற பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் வந்தது. ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024இல் வந்தது. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம், சோதனைக் கருவிகளை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டு சென்றது. மகிழ்கிறோம். அடுத்த படி என்ன? ஏழை அறிவியல் மாணவர்க்கு, அறிவியலைத் தமிழில் பேசவும் எழுதவும் செய்துகாட்டவும் பயிற்சி. அதுவும் ஊதியத்தோடு! ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறிப் பேருந்துக் காசு சேர்ப்பவனிடம், “இலவசமாகத் தொண்டு செய் தம்பி” என்பது எளிது. அந்தத் தொண்டு வசதியுள்ளோர் பிள்ளைக்கே கட்டுப்படியாகும்.

“முதலில் வேலை வாங்கித் தாருங்கள், வானத்தை அப்புறம் பார்க்கலாம்” என்பாரும் உண்டு. நியாயமான கோபம்தான். ஆனால் ஆசிரியர் வேலையோ ஆய்வுக்கூட வேலையோ, வாய் திறக்காதவனுக்கு எது கிடைக்கிறது?

ஊருக்கும் இது தேவை. 2019 டிசம்பர் 26இல் கங்கண சூரிய கிரகணம் வந்தபோதும் ராகு கேதுக் கதை ஓயவில்லையே! அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகன் கடமையென்று 1976இல் அரசியல் சட்டத்தில் எழுதினார்கள். எழுதியாயிற்று, எடுத்துச் சொல்ல ஆள் எங்கே?

காவலூரையே பாருங்கள். தொலைநோக்கிக்கு இருட்டு வேண்டும். அதற்காக, தலைமுறை தலைமுறையாக இருளில் கிடந்த மலைமகனிடம் விளக்குப் போடாதே என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை! விளக்கின் தலையில் மூடி போட்டு ஒளியைத் தரைக்குத் திருப்பினால் தெருவுக்கு வெளிச்சம், வானுக்கு இருட்டு. இதைச் சொல்ல வெளியூர் அதிகாரி எதற்கு? இயற்பியல் படித்த மலைமகள் ஒருத்தி தன் ஊர்ப் பேச்சில் சொன்னால், கிழவியும் கேட்பாள்.

அரசிடம் கேட்பதைக் கேட்போம். அதுவரை, கிளைத் தோழர்களே, மாதத்தில் ஒரு மாலை நம் படிப்பகங்களை அந்த மாணவர்களுக்குக் கொடுங்கள். முதற்பேச்சு புளியமரமும் யுரேனசும் ஆகட்டும். பேசுகிறவனின் தாய்க்கு முன்வரிசையில் நாற்காலி போடுங்கள். நாம் பின்னால் நின்று கேட்போம். கூட்டம் முடிந்ததும் தம்பியின் கையில் பேருந்துக் காசோடு பேச்சுக்கான கூலியையும் வைத்து அனுப்புங்கள். மாலையும் பொன்னாடையும் வேண்டாம்.