பம்பு செட்டும் சூரிய மின்சாரமும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் நெல், கரும்பு, மணிலா ஆகியவை கிணற்று நீரிலும் விளைகின்றன. பம்பு செட்டை எந்நேரத்தில் ஓட்டுவது என்பது இப்போது முக்கியமாகிறது.

மின் உற்பத்தியும் செலவும் நொடிதோறும் சமமாக இருத்தல் வேண்டும். அப்போதுதான் மின்சாரத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸ் அளவில் நிலைக்கும். செலவு மிஞ்சினால் அலைவெண் குறையும். மிகவும் குறைந்தால் சில மின்பாதைகள் தாமாகவே துண்டிக்கப்படும்.

சூரிய மின்சாரம் நண்பகலில் பெருகி, வீடுகளில் விளக்கேற்றும் வேளையில் நின்றுவிடுகிறது. இதனை ஈடுசெய்யும் வழிகளுள் ஒன்று கோவை மாவட்டம் காடம்பாறையில் உள்ளது. அங்கு மின்சாரம் மிகும்போது நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் வரை உற்பத்தி செய்யலாம்.

விவசாயிகளும் உதவலாம். 5 குதிரைசக்தி மோட்டார் ஏறத்தாழ 4 கிலோவாட் இழுக்கும். ஆயிரம் மோட்டார்கள் எனில் 4 மெகாவாட்.

எனவே, மும்முனை மின்சாரம் இருப்பின் காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணிக்குள் நீர் இறைப்பது நலம். தொட்டி உள்ளோர் அப்போது நிரப்பி, வெயில் தாழ்ந்தபின் பாய்ச்சலாம். மாலை 6 முதல் 10 மணி வரை மோட்டாரை நிறுத்திவைக்கவும்.

மின்சாரம் வந்ததும் எல்லா மோட்டார்களும் ஒருசேர ஓடத் தொடங்கினால் டிரான்ஸ்பார்மர் பழுதாகிப் பயிர் காய நேரிடும். ஆகவே ஒருவர்பின் ஒருவராக ஓட்டவும். மோட்டாருக்கு ஏற்ற கெபாசிட்டர் பொருத்தினால் வோல்டேஜ் குறைவும் தணியும்.