எங்கள் படங்கள் யார் வீட்டில் இருக்கின்றன?

1990 ஆம் ஆண்டு ஒரு மாலையில் அம்மா அல்பத்திலிருந்து சில படங்களைப் பிரித்தெடுத்து அடுப்பில் போட்டார். விடிந்தால் சுற்றிவளைப்பு என்று ஊருக்குள் கதை. அந்தப் படங்களிலெல்லாம் பெரிய அண்ணா நின்றார். படுவான்கரையில் என் வயதுக்காரர் பலரிடம் இப்படியொரு கதை இருக்கும். எரித்தவர்களும் உண்டு, பொலித்தீனில் சுற்றிப் புதைத்துவிட்டு இடத்தை மறந்தவர்களும் உண்டு. எரிக்காமல் தப்பியவற்றை ஒரு பெட்டியில் போட்டுக் கல்லடியில் மாமி வீட்டில் வைத்திருந்தோம். 2004 டிசெம்பர் 26 அன்று கடல் அதையும் கொண்டுபோனது.

எரித்ததன் விலை பிறகுதான் தெரிந்தது. அதே 1990 செப்டெம்பர் 5 அன்று வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதிமுகாமிலிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள். காணாமலாக்கப்பட்டவர்களைத் தேடும் தாய்மாரின் கையில் இன்றும் இருப்பது ஒரு சின்னப் படம்தான். எரித்தவர்களுக்கு அதுவும் இல்லை.

உறவினர்களிடம் கேட்டுத் திரும்பச் சேர்த்த 43 படங்களும், அப்பா பதிவுசெய்த 6 கூத்துக் கசட்டுகளும் இப்போது எங்களிடம் உண்டு. படங்களை ஸ்கான் செய்து இணையக் கணக்கொன்றில் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் மச்சானின் சமூக ஊடகக் கணக்கு முடங்கியது. நினைவுநாளுக்குப் போட்ட படம்தான் காரணமாம். பத்து வருடப் படங்கள் அதோடு போயின.

இது எங்களுக்கு மட்டும் நடப்பதல்ல. 2017 இல் யூடியூப்பின் தன்னியக்க வடிகட்டல், சிரியப் போரைப் பதிவுசெய்த ஆயிரக்கணக்கான காணொளிகளைத் தீவிரவாத உள்ளடக்கம் என்று நீக்கியது. அவற்றில் பல போர்க்குற்றச் சாட்சியங்கள். இன்னொன்று, இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை அழிக்கும் விதியை கூகுள் 2023 டிசெம்பரிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது. இல்லாமற்போன ஒருவரின் கணக்கை யார் திறந்து பார்ப்பது?

'கிளவுட்' என்பது வேறொருவருடைய கணினி. அந்தக் கணினியை வீட்டிலேயே வைத்துக்கொள்வதுதான் நான் செய்தது. திரை உடைந்து கிடந்த ஒரு பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவி, மேலதிகமாக ஒரு வன்தட்டைப் பூட்டினேன். படங்களுக்கு 'இம்மிச்', ஒலி ஒளிப் பதிவுகளுக்கு 'ஜெலிபின்'. இரண்டும் இலவசம். வீட்டு வைபையில் இருக்கும் எந்தப் போனிலும் படங்களைப் பார்க்கலாம், கூத்தைக் கேட்கலாம். பலர் 'ராஸ்பெரி பை' என்ற கையடக்கக் கணினியைச் சொல்வார்கள். எங்கள் ஊர் மின்வெட்டுக்கு, பற்றரி நல்ல நிலையில் இருந்தால் பழைய மடிக்கணினிதான் மேல் என்பேன். மின்சாரம் சட்டென்று போனால் 'பை'யின் மெமரிக் காட் பழுதாகிவிடக்கூடும்.

இம்மிச் முகங்களை அடையாளம் கண்டு ஒரே ஆளின் படங்களைச் சேர்த்துவிடும். பெரிய நிறுவனங்களின் செயலிகளும் இதைச் செய்கின்றன. வித்தியாசம், இங்கே அந்த வேலை எங்கள் வீட்டுக் கணினிக்குள்ளேயே முடிகிறது. அண்ணாவின் முகத்தை அதற்கு வெளியே எந்த இயந்திரமும் படிக்க வேண்டியதில்லை. இயந்திரம் மிகப் பழையதென்றால் இந்த வசதியை நிறுத்தி வைக்கலாம்.

கனடாவிலிருக்கும் தங்கச்சி பார்க்க வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் வாசலைத் திறந்துவிடக்கூடாது. அப்படித் திறந்தால் ஊர் உலகமெல்லாம் வந்து தட்டும். 'டெயில்ஸ்கேல்' போன்ற ஒன்று போதும். நாங்கள் சேர்த்த கருவிகளுக்கு இடையில் மட்டும் மறைகுறியாக்கிய பாதை ஒன்றைப் போட்டுத் தரும்.

கசட்டுகள்தான் பொறுமையைச் சோதித்தன. வாவிக்காற்றின் ஈரத்தில் இரண்டில் பூஞ்சணம். ரேப்பிலிருந்து வயர் இழுத்து 'ஒடாசிற்றி' மென்பொருளில் பதிவுசெய்ய வேண்டும். 90 நிமிடக் கசட்டுக்கு 90 நிமிடம்தான், குறுக்குவழி கிடையாது. அதற்குள் அப்பா இருமுவது கேட்கிறது. அதை வெட்டவில்லை.

படங்கள் வீட்டில் இருந்தால் வீட்டுக்கு வரும் ஆபத்தும் அவற்றுக்கு வரும். வெள்ளம், இடி, கள்ளன். அதனால் வன்தட்டு முழுவதையும் மறைகுறியாக்கினேன், கடவுச்சொல் இல்லாமல் எவராலும் வாசிக்க முடியாது. கணினி நின்றுபோனால் மறுபடி தொடங்க அதை யாராவது தட்டச்சு செய்ய வேண்டும் என்பது ஒரு தொந்தரவுதான். இரண்டாவது பிரதி எழுவான்கரையில் அக்கா வீட்டில் இருக்கிறது. அதுவும் பூட்டியதே. மாதத்துக்கொருமுறை வாவியைத் தாண்டிப் போய்ப் புதுப்பிக்கிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பூட்டு கள்ளனுக்கும் நிறுவனத்துக்கும் எதிரானது. கடவுச்சொல்லைக் கேட்டு வாசலில் நிற்பவர்களுக்கு எதிராக எந்த மென்பொருளும் காவல் நிற்காது. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ், முகநூல் பதிவுகளுக்காக மட்டக்களப்பு இளைஞர்கள் தடுத்துவைக்கப்பட்டதை நாங்கள் பார்த்திருக்கிறோம். எதை வைத்திருப்பது, எதைப் பகிர்வது என்று வீட்டிலுள்ள எல்லோரும் கூடிப் பேசித்தான் முடிவெடுத்தோம். படத்தில் நிற்பவர்கள் உயிரோடு இருந்தால் அவர்களிடமும் கேட்டோம்.

போன் கமராவில் இடத்தைப் பதியும் வசதியையும் நிறுத்தினோம். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் அந்தத் தகவல் நீங்கிவிடும், 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகும். பலருக்கு இது தெரியாது.

கூத்துப் பதிவுகள் எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியவையல்ல. 2005 முதல் எங்கள் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் அமைப்பிடம் அவற்றின் பிரதியைக் கொடுக்கலாம் என்று அண்ணாவியாரின் குடும்பத்திடம் கேட்டிருக்கிறேன். பதில் வரவேண்டும்.

படங்களை எல்லாம் ஏற்றி முடித்தபின் அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். அண்ணாவின் படம் ஒன்றே ஒன்று, கலியாண வீடொன்றில் பின்வரிசையில் எடுத்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதை ஆரெல்லாம் பார்க்கலாம்?" என்று கேட்டார். பெயர்களைச் சொன்னேன். அதில் ஒரு பெயரை எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டேன்.