வைக்கோல் தொப்பியும் வளர்த்த கரங்களும்

இளமையில் படித்த கதை நூலைப் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் கையிலெடுப்போர், அதே பக்கங்களில் வேறொரு கதையைக் கண்டு வியப்பதுண்டு. எழுத்து மாறுவதில்லை, வாசிப்பவரின் வயது மாறியிருக்கிறது. 'ஒன் பீஸ்' என்னும் ஜப்பானியச் சித்திரக் கதை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

ஓடா எய்ச்சிரோ எழுதி வரையும் இக்கதை, 1997 ஜூலையில் 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் தொடங்கியது. முதல் தொகுதி அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்தது. ஏறத்தாழ 5 ஆண்டுகளில் முடித்துவிடலாம் என்று அவர் எண்ணியிருந்த கதை, 2021இல் 100ஆம் தொகுதியைக் கண்டது. 2023இல் நடிகர்களைக் கொண்டு எடுக்கப்பட்ட தொடரும் இதன் தொடக்கப் பகுதியையே கதையாகக் கொண்டது.

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இதனை அறிவர். "கடற்கொள்ளையர் கதையில் என்ன நன்மை இருந்துவிடப் போகிறது?" என்று முகஞ்சுளிக்கும் பெற்றோரும் உள்ளனர். அத்தகையோர் முதல் 12 தொகுதிகளைத் தாமே ஒருமுறை படித்துப் பார்ப்பது நலம். ஆங்கிலப் பெயர்ப்பிலுங்கூட இதன் பக்கங்கள் ஜப்பானிய முறைப்படி வலமிருந்து இடமாகவே செல்கின்றன. அரபு எழுத்தோடு பழகிய நம் கண்களுக்கு அது புதிதன்று.

பொறுமையும் சினமும்

கதையின் நாயகன் லூஃபி, முதல் அத்தியாயத்தில் சிறுவன். அவன் பெரிதும் மதிக்கும் ஷாங்க்ஸ் என்னும் கப்பல் தலைவனை, மலைக்கள்வன் ஒருவன் பலர் முன்னிலையில் இழிவு செய்கிறான். ஷாங்க்ஸோ சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொள்கிறான். சிறுவனுக்கு அது கோழைத்தனமாகப் படுகிறது. பின்னர் அதே கள்வன் லூஃபிக்குத் தீங்கிழைத்தபோது ஷாங்க்ஸ் கிளர்ந்தெழுகிறான். கடல் விலங்கின் வாயினின்று சிறுவனைக் காக்கும்போது தன் இடக்கையையே இழக்கிறான். அவன் விடைபெறும்போது ஒப்படைத்துச் செல்லும் வைக்கோல் தொப்பிதான் கதை முழுவதும் லூஃபியின் தலையில் இருக்கிறது. தனக்கு நேர்ந்த அவமதிப்பைப் பொறுப்பது வேறு, பிறர்க்கு நேரும் கொடுமையைப் பொறுப்பது வேறு என்னும் பாடத்தை அச்சிறுவன் அன்று கற்கிறான்.

பாறைமேல் இரண்டு மூட்டைகள்

7ஆம் தொகுதியில் வருவது சான்ஜி என்னும் சமையற்காரனின் இளமைக் கதை. புயலில் கப்பல் உடைந்து, அவனும் ஸெஃப் என்னும் கொள்ளைத் தலைவரும் ஆளற்ற பாறையொன்றில் ஒதுங்குகின்றனர். ஸெஃப் சிறு மூட்டையைச் சிறுவனுக்குக் கொடுத்துவிட்டுப் பெரியதைத் தாம் வைத்துக்கொள்கிறார். நாட்கள் பல கழிகின்றன. பசி தாளாத சிறுவன், பெரிய மூட்டையைப் பறித்துவிடும் எண்ணத்தோடு கத்தியுடன் செல்கிறான். மூட்டையில் இருப்பது பொன்னும் மணியுமே! உணவு முழுவதையும் அவனுக்கே கொடுத்துவிட்ட அந்த மனிதர், தம் கால் ஒன்றை இழந்து உயிர் தரித்திருக்கிறார். புதையலைத் தேடும் கதையில், ஒரு கவளம் உணவுக்கு முன் புதையல் எவ்வளவு அற்பமானது என்பது இவ்வாறு சொல்லப்படுகிறது.

ஒரு தாயின் கணக்கு

9ஆம் தொகுதியின் பெல்மேர், போர்க்களத்தில் கண்டெடுத்த இரு பெண் குழந்தைகளைத் தம் மக்களாக வளர்த்த ஏழைப் பெண்மணி. அவ்வூரைக் கைப்பற்றிய ஆர்லாங், பெரியவர்க்கு 1,00,000 பெரி, சிறியவர்க்கு 50,000 பெரி எனத் தலைவரி விதிக்கிறான். பெரி என்பது கதையுலகின் நாணயம். பெல்மேரிடம் ஏறத்தாழ ஒரு பெரியவருக்கான தொகையே இருக்கிறது. தமக்குப் பிள்ளைகள் இல்லை என்று ஒரு சொல் சொன்னால் அவர் உயிர் பிழைக்கலாம்; ஊராரும் அதையே விரும்புகின்றனர். ஆனால், தாம் அவர்களின் தாய் என்பதை மறுக்க அவர் இசையவில்லை. பணத்தை இரு மக்களுக்காகவும் செலுத்திவிட்டு, அவர்கள் கண்ணெதிரே உயிர் துறக்கிறார். அம்மக்களில் இளையவளான நாமி, ஊரையே விலைக்கு வாங்கி மீட்பதற்காக ஆண்டுக்கணக்கில் தனியே பொருள் சேர்க்கிறாள். அந்தப் பொருளும் பறிபோன நாளில்தான் அவள் முதன்முதலாகப் பிறரிடம் உதவி வேண்டுகிறாள். லூஃபி தன் தொப்பியை அவள் தலையில் வைத்துவிட்டுப் போருக்கு நடக்கிறான்.

இளமையில் இவற்றைப் படிப்போர் லூஃபியின் சண்டைகளையே நினைவில் கொள்வர். பிள்ளை பெற்று வளர்த்தபின் படிப்போருக்கோ ஷாங்க்ஸும் ஸெஃபும் பெல்மேருமே முன்னிற்பர். இம்மூவரில் எவரும் அப்பிள்ளைகளைப் பெற்றவர் அல்லர் என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

காத்திருந்த திமிங்கிலம்

மறுவாசிப்பில் கிட்டும் பயன் இன்னொன்றும் உண்டு. திரும்பி வருவதாக வாக்களித்துச் சென்ற நண்பர்களுக்காக 50 ஆண்டுகள் காத்திருக்கும் லபூன் என்னும் திமிங்கிலம் 12ஆம் தொகுதியில் வருகிறது. முதல் வாசிப்பில் அது வழியில் வந்துபோகும் ஒரு துணைக்கதை. அவ்வாக்கை மறவாத ஒருவன் இன்னும் கடலில் அலைகிறான் என்பது, புரூக்கின் வரலாறு விரியும் 50ஆம் தொகுதியில்தான் முழுமையாகத் தெளிகிறது. அதை அறிந்தபின் 12ஆம் தொகுதிக்குத் திரும்புவோர்க்கு அத்திமிங்கிலத்தின் கதறல் வேறுவிதமாய்க் கேட்கும்.

குறைகளும் இல்லாமல் இல்லை. கைகலப்பும் குருதியும் மதுக்குடியும் பக்கந்தோறும் தென்படுகின்றன. பெண்களின் உடை வரைவும் எல்லா வயதினர்க்கும் ஏற்றதன்று. ஆகவே, சிறு பிள்ளைகளிடம் நூலைக் கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கிவிடலாகாது. நாமும் உடனிருந்து படிக்க வேண்டும். "ஷாங்க்ஸ் ஏன் முதலில் சண்டையிடவில்லை? பெல்மேர் ஏன் பொய் சொல்லவில்லை?" என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். நாம் எதிர்பாராத விடைகளும் அவர்களிடமிருந்து வரக்கூடும்.